கரையில் கிடக்கும் சீல் எதனால் இறந்தது? கடல் பாலூட்டிகளின் தொற்றுநோய்க் கள ஆய்வு: முழுமையான வழிகாட்டி

1987 கோடையில் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் டால்பின்கள் செத்து ஒதுங்க ஆரம்பித்தன. நியூ ஜெர்சியில் தொடங்கிய சாவு தெற்கே ஃபுளோரிடா வரை நகர்ந்தது. 1988-ல் அது ஓய்ந்தபோது 700-க்கும் மேற்பட்ட உடல்கள் கணக்கில் ஏறியிருந்தன. கடல்நீரைச் சிவப்பாக்கும் நுண்பாசி உமிழும் நஞ்சுதான் காரணம் என்று முதலில் அறிவித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அதே டால்பின்களிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த திசுக்களை வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய சொந்தமான மார்பில்லி வைரஸின் அடையாளங்கள் அவற்றில் இருந்தன.

கடற்கரையில் நின்று திசுவைச் சரியான தடிமனில் வெட்டி, சரியான திரவத்தில் போட்டு, சரியான எண்ணை ஒட்டிவைத்த யாரோ ஒருவரால்தான் அந்தத் தீர்ப்பு திருந்தியது. இந்தத் துறைக்கு வர விரும்பும் கால்நடை மருத்துவ மாணவர்களிடமும் கடல் உயிரியல் மாணவர்களிடமும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நோய்க்குப் பெயர் வைக்கும் அவசரத்தைக் கரையில் விட்டுவிடுங்கள். சாட்சியம் கெடாமல் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால், பெயரை இன்றைக்கும் வைக்கலாம், பத்து வருடம் கழித்தும் வைக்கலாம்.

கீழே வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை சீல்களை, அதாவது கடல்நாய்களை, பற்றியவை. சீல்கள் குட்டி போடவும் முடி உதிர்க்கவும் கரையேறும். அதனால் இவ்வகை ஆய்வு அவற்றில்தான் அதிகம் நடந்திருக்கிறது. நம் கடலில் சீல் கிடையாது. ஆனால் மன்னார் வளைகுடாவில் ஒதுங்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்), பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கும் (கடற்பசு), திமிங்கலத்துக்கும் வேலைமுறை ஏறத்தாழ இதேதான்.

படி 1: சாவு வருவதற்கு முன்பே எண்ணத் தொடங்குங்கள்

அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் தென் யானைச் சீல்கள் ஆண்டுதோறும் குட்டி போட வரும். 2023 அக்டோபரில் அங்கே எச்5என்1 பறவைக் காய்ச்சல் புகுந்தது. ஏறத்தாழ 17,000 குட்டிகள் மாண்டன. அந்தப் பருவத்தில் பிறந்தவற்றில் அது 95 விழுக்காட்டுக்கும் மேல். முந்தைய ஆண்டு, அதே கரையில், அதே பருவத்தில் இறந்த குட்டிகள் 1 விழுக்காடுகூட இல்லை.

இந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான். பல பத்தாண்டுகளாக யாரோ வருடம் தவறாமல் அந்தக் கூழாங்கல் கரைகளில் நடந்து குட்டிகளை எண்ணியிருக்கிறார்கள். நோய் எதுவும் இல்லாத வருடங்களில் அது சலிப்பூட்டும் வேலை, நிதி கிடைப்பதும் கடினம். ஆனால் நோய் வந்த வருடத்தில் மொத்த ஆய்வும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கும்.

எண்ணும்போது மாற்றக் கூடாதவை: பாதை, பருவம், ஓத நிலை (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்). மணல்திட்டில் படுக்கும் சீல்களைத் தாழ்ஓதத்தில்தான் முழுதாகப் பார்க்க முடியும். வட ஐரோப்பாவின் வாடன் கடலில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றும் நாள் குறித்து ஒருங்கிணைந்து விமானத்தில் எண்ணுகின்றன. ஜூனில் குட்டிகள், ஆகஸ்டில் முடி உதிர்க்கும் கூட்டம். 1988-ல் டிஸ்டெம்பர் என்ற மார்பில்லி வைரஸ் கொள்ளைநோய் அந்தக் கடலைச் சூறையாடிய பிறகு, மூன்று நாடுகளும் சீல் பாதுகாப்புக்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

டிரோனில் எண்ணுவதானால் ஒரு விதி போதும்: சீல் தலையைத் தூக்கிப் பார்த்தால் நீங்கள் மிகத் தாழ்வாகப் பறக்கிறீர்கள்.

எண்ணிக்கையோடு நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் விலங்குகளின் சீரமும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கொஞ்சம் உறைநிலையில் இருக்க வேண்டும். நோய் வந்தபின், 'இந்தக் கிருமி இந்தக் கூட்டத்துக்குப் புதிதா, பழையதா?' என்ற கேள்விக்கு அந்தக் குப்பிகள்தான் பதில் சொல்லும்.

படி 2: அனுமதியையும் ஆய்வகத்தையும் முன்கூட்டியே பிடியுங்கள்

இந்தியாவில் ஆவுளியா, டால்பின், திமிங்கலம் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருபவை. செத்துக் கிடந்தாலும் அப்படித்தான். ஒரு பல்லைக்கூட வனத்துறையின் அனுமதி இல்லாமல் எடுத்துப் போக முடியாது. உடல் ஒதுங்கியபின் கடிதம் எழுத உட்கார்ந்தால், கையெழுத்து வரும்போது எலும்புதான் மிஞ்சும். ஆண்டு முழுவதற்குமான அனுமதியைப் பருவம் தொடங்குமுன் வாங்கி வையுங்கள். எல்லை தாண்டி மாதிரி அனுப்புவதென்றால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் அனுமதியும் வேண்டும். நோய் பரவிக்கொண்டிருக்கும்போது இந்தத் தாமதம் வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனாலும் குறுக்குவழி தேடாதீர்கள். அனுமதியில்லாத மாதிரியில் கிடைத்த முடிவை எங்கேயும் வெளியிட முடியாது.

ஆய்வகத்திடம் நேரிலோ தொலைபேசியிலோ நான்கு விஷயம் கேளுங்கள். எந்தத் திரவத்தில் மாதிரி வேண்டும்? எந்தக் குளிரில்? எத்தனை மணி நேரத்துக்குள்? விடுமுறை நாளில் பெட்டியை யார் வாங்குவார்கள்? நான்காவது கேள்வியைக் கேட்காததால் வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்த பெட்டி திங்கள்கிழமை வரை வாசலில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: உங்கள் உடம்பு

1979 கடைசியிலும் 1980-லும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கரையில் 400-க்கும் மேற்பட்ட சீல்கள் நிமோனியாவில் இறந்தன. காரணம் எச்7என்7 என்ற இன்ஃபுளூயன்சா வைரஸ். அந்த ஆய்வின்போது நோயுற்ற ஒரு சீல் தும்மியது, அதைக் கையாண்டவரின் கண்ணுக்குள் தெறித்தது. அவருக்குக் கண் வீங்கிச் சீழ் கட்டியது. பிரேதப் பரிசோதனை செய்தவர்களிலும் சிலருக்கு அதே கண்நோய் வந்தது. எல்லோரும் குணமானார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: கையுறை போட்டுக்கொண்டு கண்ணுக்குக் காப்பில்லாமல் நிற்பது பாதி வேலை. பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி கட்டாயம்.

சீல்களைத் தொடுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று 'சீல் விரல்'. கடியிலோ கீறலிலோ மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா புகுந்து விரல் மூட்டு வீங்கி, தாங்க முடியாத வலி எடுக்கும். அந்தக் காலத்து சீல் வேட்டைக்காரர்கள் இதனால் விரலையே இழந்திருக்கிறார்கள். பெனிசிலின் இதற்குப் பலிக்காது, டெட்ராசைக்ளின் பலிக்கும். சீல் என்ற சொல்லை வாழ்நாளில் கேட்டிராத மருத்துவரிடம்கூட நீங்கள் போய் நிற்க நேரலாம். அதனால் 'நான் கடல் பாலூட்டிகளோடு வேலை செய்கிறேன், இந்த இந்தக் கிருமிகள் தொற்ற வாய்ப்புண்டு' என்று எழுதிய அட்டை ஒன்று பர்சில் எப்போதும் இருக்கட்டும். அந்த அட்டையில் புருசெல்லா என்ற பாக்டீரியாவும், சீல்களில் வாழும் காசநோய்க் கிருமி வகையும் இடம்பெற வேண்டும். பெருவில் தோண்டியெடுத்த சுமார் ஆயிரம் ஆண்டு பழைய மனித எலும்புகளில் கிடைத்த காசநோய்க் கிருமி, இன்றைய சீல்களிடம் உள்ள வகைக்கு மிக நெருக்கமானது. இந்தத் தொற்று அவ்வளவு பழைய உறவு.

பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் என்95 முகக்கவசம், முழு மேலங்கி, இரட்டைக் கையுறை, கிருமிநாசினியில் முக்கிய பூட்ஸ். வேலை முடிந்து 10 நாள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு இருக்கிறதா என்று தினமும் குறித்துவையுங்கள். செத்த பறவைகள் கிடக்கும் இடத்திலிருந்து நோயில்லாத சீல் கூட்டத்துக்கு அதே பூட்ஸோடு நடக்கவே நடக்காதீர்கள். நோயை ஆராயப் போனவரே நோயைச் சுமந்துபோவதைவிடப் பெரிய பாவம் இந்தத் தொழிலில் இல்லை. கூட வரும் நாய்க்கும் அங்கே இடமில்லை. 2000-ல் காஸ்பியன் கடலில் பல ஆயிரம் சீல்களைக் கொன்றது நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ். 1987-88-ல் பைக்கால் ஏரிச் சீல்களைத் தாக்கியதும் அதுவே.

நம் கரைக்கும் இது பொருந்தும். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 1973 ஜனவரியிலும் அதே வட்டாரத்தில் 147 ஒதுங்கியிருந்தன. 2016-ல் மீனவர்கள் தண்ணீரில் இறங்கி, அவற்றைத் தள்ளிக் கடலில் விட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன. அந்த மனசுக்குக் கைகூப்பத்தான் வேண்டும். அடுத்த முறை அந்தக் கைகளில் கையுறை இருப்பதற்கும், மூச்சுத் துளைக்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைப்பதற்கும் பொறுப்பு நம்முடையது. அட்லாண்டிக்கின் பைலட் திமிங்கலங்களில் மார்பில்லி எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பரவலாகக் கிடைத்திருக்கிறது. இது கூட்டத்தோடு சுற்றும் தொற்று.

படி 4: தொடாமல் பாருங்கள்

முதல் ஒரு மணி நேரம் நோட்டும் தொலைநோக்கியும் மட்டும். எந்த வயது இறக்கிறது? குட்டி மட்டுமா, தாயுமா? பறவைகளும் செத்துக் கிடக்கின்றனவா?

டிஸ்டெம்பர் கண்ட சீலுக்கு மூக்கிலும் கண்ணிலும் சளி ஒழுகும், இருமும், சினையானது குட்டியை வீசிவிடும். கழுத்துத் தோலுக்கடியில் காற்று புகுந்து மூழ்க முடியாமல் மிதக்கும். எச்5என்1-ல் நடுக்கம், வலிப்பு, தலை ஆட்டம், மூச்சுத்திணறல். கலிபோர்னியாவின் கடல் சிங்கங்களை லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா தாக்கும்போது சிறுநீரகம் பழுதாகி, துடுப்புகளை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடக்கும், தண்ணீரைத் தேடிக் குடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சில பாசிகள் சுரக்கும் டோமோயிக் அமிலமும் கடல் சிங்கங்களுக்கு வலிப்பை உண்டாக்கும். கிருமியே இல்லாமல் அதே காட்சி. ஆகவே நோட்டில் 'வலிப்பு, 40 நொடி, வாயில் நுரை' என்று எழுதுங்கள். 'பறவைக் காய்ச்சல்' என்று எழுதாதீர்கள். வீடியோ எடுத்துவிடுங்கள். பேனா மறந்ததைக் கேமரா காட்டும்.

படி 5: உயிருள்ள விலங்கிடமிருந்து மாதிரி

மயக்கமருந்து கொடுப்பது அனுபவசாலியின் பொறுப்பு. இங்கே நான் சொல்வது உதவியாளராகப் போகிறவருக்கு. சீல் மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவதற்கென்றே அமைந்த உடம்பு. மயக்கத்தில் அதே பழக்கத்தில் மூச்சை நிறுத்திக்கொள்ளும், இதயத்துடிப்பு விழும். எனவே ஒருவருடைய முழுநேர வேலை மூச்சை எண்ணுவது, சத்தமாகச் சொல்வது. நீர்விளிம்பில் படுத்திருக்கும் சீலுக்கு ஊசித்துப்பாக்கி நீட்டக் கூடாது. பாதி மயக்கத்தோடு கடலுக்குள் ஓடினால் மூழ்கிவிடும். கொழுப்புப் படலம் வெயிலில் அடுப்புபோல வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், துடுப்புகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை நடுவில் இருந்தாலும் முன்பே பேசிவைத்த நேரம் முடிந்ததும் விட்டுவிட வேண்டும்.

உண்மைச் சீல்களுக்கு (வெளிக்காது இல்லாத வகை) இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்குள் ஓடும் பெரிய சிரையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். அதை உறையவிட்டுச் சுழற்றிச் சீரம் பிரித்து, சிறு குப்பிகளில் பகிர்ந்து உறையவையுங்கள். ஒரே பெரிய குப்பியில் வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உருக்கிக் கெட்டுப்போகும். மூக்கு, கண், ஆசனவாய் மூன்றிலும் தனித்தனி ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி). துடுப்பில் எண் பட்டை. அடுத்த ஆண்டு அதே விலங்கு திரும்பி வந்தால் அதைவிட நல்ல தகவல் வேறில்லை.

பெருந்திமிங்கலங்களைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். அவை மேலே வந்து ஊதும் மூச்சுக்குள் டிரோனில் கட்டிய தட்டைக் காட்டினால் ஈரம் அதில் படியும். சிட்னிக்கு அப்பால் கூனல்முதுகுத் திமிங்கலங்களிடம் இப்படிச் சேகரித்த மூச்சிலிருந்து, அதுவரை அறியப்படாத வைரஸ்களைக் கண்டெடுத்து 2018-ல் அறிவித்தார்கள்.

படி 6: இறந்த உடல்

உலகெங்கும் ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள்: 1 உயிருள்ளது, 2 புதிதாக இறந்தது, 3 ஓரளவு அழுகியது, 4 மிகவும் அழுகியது, 5 தோலும் எலும்பும். வைரஸ், பாக்டீரியா, நுண்ணோக்கிச் சோதனை எல்லாவற்றுக்கும் 2 தான் தங்கம். 3-ல் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) இன்னும் பலிக்கும். 4-லும் 5-லும் பல், எலும்பு, அளவு ஆகியவற்றைத்தான் நம்பலாம். மேல்தோல் புதிதாகத் தெரிவதை நம்பாதீர்கள். திமிங்கலத்தின் கொழுப்பு உள்வெப்பத்தை வெளியே விடாததால் குடல் உள்ளேயே வெந்துவிடும். நம் வெயிலில் அரை நாளே அதிகம். வயிறு உப்பிய உடலை எதிரில் நின்று கீறாதீர்கள்.

எச்5என்1 சந்தேகம் பலமாக இருந்தால், முதலில் ஸ்வாப் எடுங்கள். உடலைத் திறப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம். இந்த வைரஸ் கடல் சிங்கங்களிலும் சீல்களிலும் மூளையைத் தேடிப் போகிறது. அதனால் மூக்கு ஸ்வாப்பில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மூளை ஸ்வாப்பில் இருக்கலாம். அதை விட்டுவிட்டு 'நோயில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

திறப்பதென்றால், அளவும் படமும் முதலில், அளவுகோலை உடலோடு சேர்த்து வைத்து. எல்லா உடலையும் ஒரே பக்கமாகக் கிடத்தினால் பின்னால் ஒப்பிட எளிது. கொழுப்பின் தடிமனை ஒரே இடத்தில் அளந்துகொள்ளுங்கள்: நாள்பட்ட நோயா, திடீர்ச் சாவா என்பதற்கு அதுவே முதல் துப்பு. பாக்டீரியா வளர்ப்புக்கான துண்டுகளைக் குடலைத் தொடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். குடல் கிழிந்தபின் எல்லாமே கலப்படம். பிறகு நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம், அட்ரீனல், மூளை. சினையாக இருந்தால் நஞ்சுக்கொடியை விடவே கூடாது, புருசெல்லா அங்கே குடியிருக்கும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் உறுப்பிலிருந்தும் துண்டு எடுங்கள். 1987-ன் டால்பின்களில் தேடாததைத் தேடக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

ஒவ்வொரு உறுப்பும் மூன்று வழியில் போகும். ஒன்று 10 விழுக்காடு ஃபார்மலினுக்கு: துண்டு 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, திரவம் திசுவைப்போல் பத்து மடங்கு. கட்டியாகப் போட்டால் நடுப்பகுதி அழுகிவிடும். இரண்டாவது, வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைக் காக்கும் திரவத்துக்கு. மூன்றாவது நேராகக் குளிருக்கு: கரையில் திரவ நைட்ரஜன், ஊரில் மைனஸ் 80 டிகிரி. வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் ஓரிரு நாள் தள்ளலாம், மாதக்கணக்கில் வைரஸ் தாங்காது. ஃபார்மலின் புட்டியை உறையவைக்காதீர்கள்.

லேபிள் பென்சிலால், நீரில் ஊறாத தாளில். மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பைக்குள் ஒன்று, பைமேல் ஒன்று. உடல், படம், நோட்டு, குப்பி எல்லாவற்றிலும் ஒரே எண்.

படி 7: ஆய்வக முடிவைப் படிப்பது

1988 வசந்தத்தில் டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவில் சீல்கள் குறைமாதக் குட்டிகளை வீசத் தொடங்கின. சில மாதங்களில் நோய் வடகடல் முழுக்கப் பரவி துறைமுகச் சீல் என்ற இனத்தில் ஏறத்தாழ 18,000-ஐக் கொன்றது. ஆரம்பத்தில் ஆய்வகங்கள் ஹெர்பெஸ் வைரஸையும் பிகோர்னா வைரஸையும் கண்டெடுத்தன. இரண்டும் உண்மையாகவே அந்த உடல்களில் இருந்தன. ஆனால் கொன்றவை அவை இல்லை. நெதர்லாந்தின் வைரஸ் ஆய்வாளர் ஆல்பர்ட் ஓஸ்டர்ஹவுஸ் குழுவினர், கொன்றது டிஸ்டெம்பர் வைரஸ் என்று காட்டினர். பிறகுதான் அது நாய்களின் வைரஸிலிருந்து வேறுபட்ட, சீல்களுக்கே உரிய மார்பில்லி வைரஸ் என்று தெளிந்தது. 2002-ல் அதே வைரஸ் மறுபடி வந்தது, மறுபடி ஆன்ஹோல்டிலேயே தொடங்கி, 20,000-க்கும் மேல் கொன்றது.

ஆகவே பிசிஆரில் ஒரு கிருமி தென்பட்டால், அந்தக் கிருமி அங்கே இருந்தது என்பது மட்டுமே நிரூபணம். கொன்றதா என்பதற்கு, திசுவில் அது செய்த சேதமும், அந்தச் சேதத்துக்குள்ளேயே கிருமியும் தெரிய வேண்டும். நோயில்லாத விலங்குகளிலும் அதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள் வேறு கதை சொல்கிறது: அந்த விலங்கு முன்னொரு காலத்தில் கிருமியைச் சந்தித்துப் பிழைத்தது. ஒரு கூட்டத்தில் இளையவற்றில் யாருக்கும் எதிர்ப்பொருள் இல்லையென்றால், அடுத்த கொள்ளைநோய்க்கு விறகு அடுக்கியிருக்கிறது என்று பொருள்.

கிருமிக்கு வழி திறந்தது எது என்பதையும் கேளுங்கள். 1990-ல் மத்தியதரைக் கடலில் மார்பில்லியால் இறந்த வரியோடிய டால்பின்களின் உடலில் பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சு மிக அதிகமாக இருந்தது. நெதர்லாந்தில் சில சீல்களுக்கு மாசுபட்ட பால்டிக் கடல் ஹெர்ரிங் மீனையும், சிலவற்றுக்குத் தூய்மையான அட்லாண்டிக் மீனையும் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது, பால்டிக் மீன் தின்றவற்றின் எதிர்ப்புசக்தி குன்றியது. கொழுப்பிலும் ஒரு துண்டை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள், இந்த நஞ்சைத் தேட அது வேண்டும்.

முடிவு கையில் வந்தபின் செய்ய முடிந்ததும் உண்டு. உலகில் சுமார் 1,600 மட்டுமே மிஞ்சியுள்ள ஹவாய்த் துறவிச் சீல்களிடம் மார்பில்லிக்கு எதிர்ப்பொருள் இல்லை என்று சீரச் சோதனைகள் காட்டின. நோய் வருவதற்காகக் காத்திருக்காமல் 2016 முதல் அவற்றுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஊசி மாட்டிய நீண்ட கழியோடு, தூங்கும் சீலிடம் ஓசையின்றி நெருங்கி, மூன்று நான்கு வாரம் கழித்து அதே சீலைத் தேடிப்பிடித்து இரண்டாவது ஊசி.

படி 8: ஊர் திரும்பியதும்

குளிப்பதற்கு முன், சாப்பிடுவதற்கு முன், உறைபெட்டிப் பேரேட்டை எழுதுங்கள். எந்த எண், எந்த உறுப்பு, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி, எத்தனை குப்பி, எத்தனை வெளியே போயிருக்கிறது. ஒவ்வொரு விலங்கின் மாதிரியையும் இரண்டாகப் பிரித்து வெவ்வேறு கட்டடத்தில் வையுங்கள். மின்சாரம் போனால் யாருடைய கைப்பேசி ஒலிக்கும் என்று பெட்டியின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். பேரேட்டின் நகல் ஒன்று உங்களுக்குப் பின் வரப்போகிறவருக்கும் புரியும்படி, சுருக்கெழுத்து இல்லாமல் இருக்கட்டும். அவர் எந்த வைரஸைத் தேடி அந்தக் கதவைத் திறப்பார் என்று இன்றைக்கு உங்களால் சொல்ல முடியாது.